ஜப்பானியரின் உடல்நலப் பழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஜப்பானியர்களின் நீண்ட ஆயுள் ரகசியம்" என்று வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு வீடியோவாவது வந்துவிடுகிறது. ஒன்றில் கிரீன் டீ, அடுத்ததில் வெந்நீர்க் குளியல், இன்னொன்றில் கால் வயிற்றைக் காலியாக விடுவது. இதில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. யார் என்ன சாப்பிட்டார்கள், எதனால் இறந்தார்கள் என்பதை அந்த நாடு பல பத்தாண்டுகளாக எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளை வைத்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில் கீழே.

அவர்கள் உண்மையிலேயே அவ்வளவு காலம் வாழ்கிறார்களா?

ஆமாம். 2024 கணக்குப்படி சராசரி ஆயுள் பெண்களுக்கு 87.13, ஆண்களுக்கு 81.09 ஆண்டுகள். 2025 செப்டம்பரில் நூறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 99,763 பேர். அவர்களில் 88 சதவீதம் பெண்கள். இந்தக் கணக்கு தொடங்கிய 1963-இல் மொத்தமே 153 பேர்தான்.

வீடியோக்கள் சொல்லாத இன்னொரு எண்ணும் உண்டு. அன்றாட வேலைக்கு உடம்பு இடைஞ்சல் செய்யாமல் வாழும் ஆண்டுகளை அங்கே தனியாகக் கணக்கிடுகிறார்கள். 2022-இல் அது ஆண்களுக்கு 72.57, பெண்களுக்கு 75.45. அதாவது கடைசி எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஏதாவது ஒரு முடக்கத்தோடுதான் கழிகின்றன.

பரம்பரை உடல்வாகுதானே காரணம்?

1947-இல் ஜப்பானிய ஆணின் சராசரி ஆயுள் 50.06, பெண்ணின் ஆயுள் 53.96. ஒரு தலைமுறையில் ரத்தம் மாறிவிடாது, மாறியது சூழல். முதலில் குழந்தை இறப்பும் காசநோயும் குறைந்தன. 1951 முதல் 1980 வரை மக்களை அதிகம் கொன்றது பக்கவாதம். அதை அடக்கியதுதான் பெரிய திருப்பம். 1981-லிருந்து முதலிடம் புற்றுநோய்க்கு.

இதற்கு அடித்தளம் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, 1961-இல் நாட்டில் எல்லாருக்கும் வந்த மருத்துவக் காப்பீடு. பொதுவாக மருத்துவச் செலவில் 30 சதவீதம் கையிலிருந்து போகும். 75 வயதுக்கு மேல் வருமானம் அதிகமில்லை என்றால் 10 சதவீதம். பெரிய செலவு வந்தால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. இதனால் தலை சுற்றினால் "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாமல் கிளினிக்குக்குப் போகிறார்கள். ரத்த அழுத்தம் ஆரம்பத்திலேயே பிடிபடுகிறது. இன்னொன்று தாய்-சேய் நலக் கையேடு. 1942-இல் கர்ப்பிணிகளுக்காக வந்து, 1948-இல் குழந்தையையும் சேர்த்துக்கொண்டது. கர்ப்பத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் பதிந்தவுடன் கையில் தருகிறார்கள். பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி, எடை வளர்ச்சிக் கோடு எல்லாம் அந்த ஒரே புத்தகத்தில். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் புத்தகம் மாறுவதில்லை.

பக்கவாதம் ஏன் அவ்வளவு இருந்தது?

உப்பு. வடக்கே அகிதா, அவொமொரி போன்ற மாகாணங்களில் குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். காய்கறியையும் மீனையும் உப்பில் போட்டு வைத்தால்தான் வசந்தம் வரை தாங்கும். மூன்று வேளையும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) கரைத்த சூப், ஊறுகாய், உப்பு மீன். ஒருவர் ஒரு நாளில் 20 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்ட ஊர்கள் இருந்தன. (இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள்.) கூடவே வீட்டுக்குள்ளேயே உறையும் குளிர். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தம் மேலும் ஏறும். ஃபிரிட்ஜ் பரவியபோது உப்பில் போட்டு வைக்கும் தேவை குறைந்தது. பக்கவாதமும் வயிற்றுப் புற்றுநோயும் சரிந்ததில் அதற்குக் கணிசமான பங்கு உண்டு. எந்த மூலிகையையும்விட ஃபிரிட்ஜ் செய்த நன்மை அதிகம் என்று சொன்னால் வீடியோ ஓடாது.

நாகானோ மாகாணத்தை ஏன் எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

மலைப்பகுதி, கடல் இல்லை, நொஸாவானா என்ற கீரை ஊறுகாய்க்குப் பேர்போன இடம். பக்கவாதத்திலும் முன்னணியில் இருந்தது. அங்கிருந்து 2010 கணக்கில் ஆண், பெண் இருபாலரின் ஆயுளிலும் நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது.

நடந்தது இதுதான். 1945-இல் சாகு என்ற ஊரின் மருத்துவமனைக்கு வகாட்சுகி தோஷிகாசு என்ற அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது நோய் முற்றியிருப்பதைப் பார்த்து, குழுவோடு கிராமம் கிராமமாகப் போனார். மருத்துவம் பார்த்த கையோடு சுகாதாரத்தை விளக்கும் நாடகமும் போட்டார்கள். 1959-இல் யாச்சிஹோ கிராமத்தில் ஊரார் அனைவருக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை தொடங்கியது. இன்னொரு பக்கம், 1945-லேயே தகாஹோ கிராமத்தில் சாதாரண குடும்பப் பெண்கள் சுகாதாரத் துணைவர்களாகச் சேர்ந்தார்கள். முறை வைத்துப் பொறுப்பை மாற்றிக்கொள்வதால் சில பத்தாண்டுகளில் ஊரில் பெரும்பாலான வீடுகளில் பயிற்சி பெற்ற ஒருத்தி இருப்பாள்.

1981-இல் மாகாணம் முழுக்க உப்புக் குறைப்பு இயக்கம் ஆரம்பமானது. வீடு வீடாகப் போய் மிசோ சூப்பில் உப்புமானியை முக்கி எண்ணைக் காட்டினார்கள். "உப்பைக் குறைங்க" என்று வாயால் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். எங்கள் வீட்டில் உப்பு கம்மிதான் என்று நம்பிக்கொண்டிருக்கும் மாமியாரிடம் கருவியின் எண்ணைக் காட்டுவது வேறு. அதோடு, சூப்பில் காயை இரட்டிப்பாக்கு, ஊறுகாயைத் தட்டில் எடுத்து வைத்து அளவாகச் சாப்பிடு, நூடுல்ஸின் சூப்பைக் குடிக்காமல் மீதி வை என்று, செய்யக்கூடியதாகச் சொன்னார்கள்.

அப்படியென்றால் இப்போது அவர்கள் உப்பு குறைவாகச் சாப்பிடுகிறார்களா?

இல்லை. 2023 தேசிய ஆய்வில் பெரியவர்களின் சராசரி ஒரு நாளுக்கு 9.8 கிராம் (ஆண்கள் 10.7, பெண்கள் 9.1). அவர்களுடைய சொந்த இலக்கே ஆண்களுக்கு 7.5, பெண்களுக்கு 6.5 கிராமுக்குள். காய்கறியிலும் அதே கதை: இலக்கு 350 கிராம், சாப்பிடுவது 256 கிராம்.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் புரியும். ஒரு கிண்ணம் மிசோ சூப்பில் சுமார் 1.5 கிராம். பாரம்பரிய முறையில் போட்ட உமெபோஷி ஒன்றில், அதாவது உப்பில் ஊறிய புளிப்புப் பழத்தில், ஏறக்குறைய 2 கிராம். சாதாரண சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 2.6 கிராம். ராமென் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடையில் சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தால் அந்த ஒரு கிண்ணத்திலேயே 5, 6 கிராம். வெளிர் நிற சோயா சாஸ் உப்பு குறைவானது என்று நினைத்து அதிகம் ஊற்றுவது அங்கேயே பலர் செய்யும் தப்பு. நிறம்தான் வெளுப்பு; உப்பு அதில்தான் கூட.

உப்பைக் குறைத்தும் ருசி வர அவர்கள் என்ன செய்கிறார்கள்?

தாஷி என்ற அடிச்சாறு. ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ, ஜப்பானிய சமையலுக்கு தாஷி அப்படி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு, அதாவது காய்ந்த கடற்பாசி. அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய தீயில் சூடாக்கி, அடியில் குமிழி கிளம்பும்போது பாசியை எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் வழவழப்பும் ஒருவித வாடையும் இறங்கும். பிறகு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, 20 கிராம் சீவிய காய்ந்த சூரை மீனைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் பிழியாமல் வடிகட்டுவார்கள். பிழிந்தால் கசக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மீனுக்குப் பதில் காய்ந்த ஷிட்டாகே காளானைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்த தண்ணீரைச் சேர்க்கிறார்கள்.

மிசோ சூப்புக்கு ஒரு கிண்ணத்துக்கு 150 மில்லி தாஷி, 12 கிராம் மிசோ. காய் வெந்து அடுப்பை அணைத்த பிறகே மிசோவைக் கரைக்க வேண்டும். கொதித்தால் மணம் போய்விடும், மணம் போனால் கை தானாக இன்னும் கொஞ்சம் மிசோ போடும். தாஷி அழுத்தமாக இருந்தால் மிசோவை 8, 9 கிராமுக்கு இறக்கலாம். கடையில் விற்கும் உடனடி தாஷிப் பொடியை வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் வீண். அதில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும்.

ஒக்கினாவா நூறு வயதுக்காரர்களின் தீவு என்கிறார்களே?

அது பழைய ஒக்கினாவா. சர்க்கரைவள்ளிக் கிழங்கை முக்கிய உணவாகச் சாப்பிட்டு, வயலில் உழைத்த தலைமுறை. 1945 முதல் 1972 வரை தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. டப்பா இறைச்சி வீட்டுச் சமையலுக்குள் வந்தது, 1963-இல் டிரைவ்-இன் பர்கர் கடை வந்தது. போருக்குப் பிறகு 2003-இல் மோனோரயில் வரும்வரை ரயிலே கிடையாது, எனவே பக்கத்துத் தெருவுக்கும் கார். விளைவு, 2000 கணக்கில் ஆண்களின் ஆயுள் 47 மாகாணங்களில் 26-வது இடத்துக்கு விழுந்தது. அதற்கு "26 அதிர்ச்சி" என்றே பெயர். 2020-இல் 43-வது. தாத்தா நன்றாக இருக்கும்போதே பேரன் மாரடைப்பில் போகும் தீவை வைத்து "ரகசியம்" விற்பது அபத்தம்.

பத்தில் எட்டு பங்கு வயிறு நிரம்பியதும் நிறுத்து என்ற "ஹரா ஹாச்சி பு" பழமொழி உண்மைதான். நம் பாட்டிகளும் அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர் என்றவர்கள்தான். ஆனால் உணர்வை வைத்து எண்பது சதவீதத்தை யாராலும் அளக்க முடியாது. அங்கே அளவைக் காப்பாற்றுவது கிண்ணம். ஒரு சோற்றுக் கிண்ணம் 150 கிராம், சுமார் 234 கலோரி. மறுபடி வேண்டுமானால் கேட்டு வாங்க வேண்டும்.

குண்டாக இருந்தால் ஜப்பானில் அபராதமாமே?

தனி மனிதருக்கு எந்த அபராதமும் இல்லை. 2008 ஏப்ரல் முதல், 40 முதல் 74 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனையில் இடுப்பு அளவும் எடுக்கிறார்கள். வரம்பு ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 90 செ.மீ. வயிற்றுக்குள் உள்ள கொழுப்பு ஸ்கேன் குறுக்குவெட்டில் 100 சதுர செ.மீ. இருக்கும் நிலைக்கு இந்த அளவு பொருந்துகிறது என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். பரிசோதனையிலும் ஆலோசனையிலும் பின்தங்கும் காப்பீட்டு அமைப்பு முதியோர் மருத்துவ நிதிக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். வதந்தியின் வேர் அதுதான்.

வரம்பைத் தாண்டினால் அடுத்து பார்ப்பது: ரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை) 5.6, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150, இவையும் இவற்றுக்கு மேலும்; அல்லது டிரைகிளிசரைடுக்குப் பதில் நல்ல கொழுப்பு 40-க்குக் கீழ். இதில் எத்தனை மாட்டுகிறது, புகைக்கிறாரா என்பதை வைத்து ஒரு தடவை ஆலோசனையா, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ச்சியா என்று முடிவாகும். இலக்கு எளிது: இடுப்பில் 2 செ.மீ., எடையில் 2 கிலோ. பத்து கிலோ குறைக்கச் சொன்னால் யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

வீட்டில் அளக்க: நேராக நின்று, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில், தொப்புள் மட்டத்தில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். பேண்ட் சைஸ் கணக்கு இல்லை. தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்ட பேண்ட் எப்போதும் பொய் சொல்லும். தெற்காசியர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80.

இன்னொன்று: உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 25-ஐத் தாண்டிய ஆண்கள் அங்கே 31.5 சதவீதம். ஆனால் 20, 30 வயதுகளில் உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவர் 18.5-க்கும் கீழே. இளம் பெண்களின் ஒல்லி மோகம் அங்கே தீராத தலைவலி.

பள்ளி மதிய உணவில் என்ன விசேஷம்?

1889-இல் யமகாதா மாகாணத்தின் ட்சுருஓகாவில், ஒரு கோயில் வளாகத்துப் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்குச் சோற்று உருண்டை கொடுத்ததில் ஆரம்பம். 1954-இல் சட்டமானது. நம் சத்துணவைப் போல, வசதி இல்லாதவர்களுக்கானது என்ற அடையாளம் இப்போது அதற்கு இல்லை. வகுப்பில் எல்லாரும் அதையே சாப்பிடுகிறார்கள். பொருள் செலவு நீண்ட காலம் பெற்றோருடையதாக இருந்தது, ஆள் மற்றும் சமையலறைச் செலவு உள்ளாட்சியுடையது. பல ஊர்களில் இப்போது முழுக்க இலவசம்.

மணி அடித்ததும் அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, மாஸ்க் போட்டுக்கொண்டு பாத்திரங்களை வகுப்புக்குத் தள்ளி வந்து பரிமாறுவார்கள். ஆசிரியரும் அதையேதான் சாப்பிடுவார். 8, 9 வயதுக்கான அளவு 650 கலோரி, உப்பு 2 கிராமுக்குள், வழக்கமாக 200 மில்லி பால். பிள்ளைகளுக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே தலைமை ஆசிரியர் போன்ற பொறுப்பாளர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். மூலப்பொருளிலும் சமைத்ததிலும் 50 கிராம் வீதம் எடுத்து மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்திருப்பார்கள். வயிற்றுப்போக்கு கிளம்பினால் எதனால் என்று தேட அதுதான் சாட்சி. குறையும் உண்டு: சாப்பிடக் கிடைப்பது இருபது நிமிடம் போல. மெதுவாகச் சாப்பிடும் குழந்தை பாவம்.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமா?

அந்த எண் 1965-இல் விற்பனைக்கு வந்த "மன்போ-கேய்", பத்தாயிரம் அடிமானி என்ற கருவியின் பெயர். விளம்பரம் வழிகாட்டியாகிவிட்டது. அரசின் இப்போதைய அளவு பெரியவர்களுக்கு 8,000, அறுபத்தைந்துக்கு மேல் 6,000. 2019-இல் உண்மையில் நடந்தது ஆண்கள் 6,793, பெண்கள் 5,832. பெருநகரத்தில் இருப்பவர் நடப்பது மனவுறுதியால் அல்ல. ரயில் நிலையத்துக்கு நடந்துதான் போயாக வேண்டும்.

1928-இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி இன்னும் காலை 6.30-க்கு ஒலிக்கிறது. இப்போதுள்ளது 1951 வடிவம்: பதின்மூன்று அசைவுகள், மூன்று நிமிடம் சொச்சம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்து முத்திரை வாங்கிப் போவார்கள். மூட்டு வலி உள்ளவர்கள் குதிக்கும் அசைவில் நின்ற இடத்திலேயே கால் மாற்றினால் போதும்.

வெந்நீர்த் தொட்டிக் குளியல் நல்லதா?

தூக்கத்துக்கும் உடம்பு வலிக்கும் நல்லதுதான். ஆனால் அங்கே சாலை விபத்தில் சாகும் முதியவர்களைவிட வீட்டுக் குளியல் தொட்டியில் மூழ்கிச் சாகும் முதியவர்கள் அதிகம். குளிர்ந்த அறையில் உடை களையும்போது ரத்த அழுத்தம் எகிறும். சூடான நீரில் இறங்கியதும் குழாய்கள் விரிந்து சரேலென்று இறங்கும். மயக்கம் வந்து முகம் நீருக்குள் போய்விடும். எனவே அரசு சொல்வது: உடை மாற்றும் இடத்தை முதலில் சூடாக்கு, நீர் 41 டிகிரிக்குள், பத்து நிமிடத்துக்குள், மெதுவாக எழு, குடித்த பின்போ சாப்பிட்ட உடனோ இறங்காதே, வீட்டில் சொல்லிவிட்டுப் போ. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் வெந்நீரில் குளிக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

புகையும் குடியும்?

1966-இல் ஆண்களில் 83.7 சதவீதம் புகைத்தார்கள். 2023-இல் 25.6. இறங்கியது பெரிது, இருப்பதும் குறைவில்லை. புகையிலை நிறுவனத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசின் கையில் இருப்பதால் சட்டம் எப்போதும் தயங்கித் தயங்கித்தான் வந்தது. தோக்கியோவின் சியோதா பகுதியில் 2002-லேயே தெருவில் புகைத்தால் அபராதம். உணவகத்துக்குள் தடை 2020 ஏப்ரலில்தான், அதிலும் பழைய சிறு கடைகளுக்கு விலக்கு.

மதுவுக்கு 2024 பிப்ரவரியில் வந்த வழிகாட்டி கிளாஸை விட்டுவிட்டுச் சுத்த ஆல்கஹால் கிராமை எண்ணச் சொல்கிறது. மில்லி × சதவீதம் × 0.8. ஐந்து சதவீத பியர் 500 மில்லி என்றால் 20 கிராம். ஒரு நாளில் ஆண் 40, பெண் 20 கிராமைத் தொட்டாலே நோய் அபாயம் ஏறுகிறது. நம்மூர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம்: கிட்டத்தட்ட 62 கிராம்.

தூக்கம்?

இதில் அவர்களைப் பின்பற்ற வேண்டாம். 2021-இல் ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பு ஒப்பிட்ட 33 நாடுகளில் கடைசி இடம், 7 மணி 22 நிமிடம். ரயிலில் தூங்கி வழிவதற்கு "இனெமுரி" என்று பெயர் வைத்துக் கொண்டாடும் வீடியோக்கள், அது தூக்கக் கடன் என்பதைச் சொல்வதில்லை. வேலைப் பளுவால் சாவதற்கும் "கரோஷி" என்று தனிச்சொல் உள்ள நாடு அது. 2019 ஏப்ரல் முதல் கூடுதல் வேலைக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று சட்ட வரம்பு. விசேஷ காலத்திலும் மாதம் 100 மணியைத் தொடக்கூடாது.

நத்தோ சாப்பிடலாமா?

புளித்த சோயா, நல்ல புரதம். வாசனைக்குப் பழக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் தொடவே கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

நம் வீட்டில் எதைத் தொடங்கலாம்?

உப்புக் கணக்கை. நான்கு பெரியவர்கள், ஆளுக்கு 5 கிராம், முப்பது நாள்: 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பிஸ்கட் எல்லாம் சேர்ந்துதான் இந்த அளவு. ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் காலியானால் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். பாக்கெட்டில் வாங்கும் பொருளில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். அதை 2.54-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் உப்பு கிராம். மனக்கணக்குக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. நூறு கிராமுக்குப் போட்ட எண்ணா, ஒரு பரிமாறலுக்குப் போட்ட எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏமாறுவது அங்கேதான். சோடியம் குறைந்த உப்பு வாங்கலாம். ஆனால் அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் பிபி மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் மாற்றக்கூடாது.